வீட்டுச் செலவும் கிணற்றுத் தண்ணீரும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுற்றாடலுக்கு இசைந்த வாழ்க்கை பற்றிப் பேசும்படி கேட்ட சங்கத்தின் செயற்குழு ஒரு நிபந்தனையும் விதித்தது. சொல்லப்படும் எந்த ஆலோசனையாலும் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூட மேலதிகச் செலவு வரக்கூடாது என்பதே அது. நியாயமான நிபந்தனைதான். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் எம்மில் பலருடைய வீட்டு வரவு செலவு இன்னமும் நிமிரவில்லை. கூரையில் சூரியத் தகடு, கடையில் மூங்கிற் பற்தூரிகை, கண்ணாடிப் போத்தலில் விலைகூடிய இயற்கை உணவு என்று விளம்பரங்கள் காட்டும் பசுமை வாழ்க்கை வசதி படைத்தவர்களுக்கானது. அதைப் பார்த்துவிட்டு, "இது எங்களுக்கு ஏற்றதல்ல" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

ஆனால் சுற்றாடலுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்யும் பொருள், நாம் வாங்காமல் விட்ட பொருள்தான். அதற்கு விலையும் இல்லை. இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான் இருக்கும்.

1990களின் முற்பகுதியில் இக்கல்லூரியில் படித்த எங்கள் வகுப்பினருக்கு இந்தக் கணக்கு புதியதல்ல. அப்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருள், சவர்க்காரம், மின்கலம் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. கடைகளில் சீனியும் பருப்பும் பழைய தாளிற் சுற்றிய சரைகளில்தான் கிடைத்தன. அன்று எங்கள் வீடுகளில் குப்பைக் கூடை என்ற ஒன்றே தேவைப்படவில்லை.

அந்த நாட்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது நாங்கள் விரும்பி ஏற்ற எளிமை அல்ல. எம்மீது சுமத்தப்பட்ட பஞ்சம். மங்கிய விளக்கில் கண்கள் வருந்தின. விறகுப் புகையில் அம்மாமாரின் நெஞ்சு இளைத்தது. மருந்தில்லாமல் இறந்தவர்கள் இருந்தார்கள். பாதை திறந்து பொருள்கள் வந்தபோது பளபளப்பான பொலித்தீன் பையையும் பிளாஸ்ரிக் வாளியையும் நாங்கள் ஆசையோடு வாங்கியதில் வியப்பில்லை. தட்டுப்பாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நிறைவு என்பது அந்தப் பைகளில்தான் வந்தது. ஆகவே, "பழைய காலத்துக்குத் திரும்புவோம்" என்று எவராவது சொன்னால் முதலில் மறுப்பவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். அந்த ஆண்டுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரேயொரு பழக்கம்: ஒரு பொருளை வீசுவதற்கு முன்னர், இது வேறெதற்கு உதவும் என்று ஒருமுறை யோசிப்பது. அன்று அதைத் தட்டுப்பாடு செய்வித்தது. இன்று எமது விருப்பத்தில் செய்யலாம்.

முதலில் கிணற்றடிக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழைதான் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி எமக்குக் குடிநீராகிறது. கீழே உள்ள உவர்நீரின் மேல் நன்னீர் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலேறும். அத்துடன் சுண்ணாம்புக்கல் நல்ல வடிகட்டி அல்ல. தோட்டத்துக்கு இடும் இரசாயனப் பசளையும் மலசலகூடக் குழியின் கழிவும் விரைவாகக் கிணற்றை அடைந்துவிடும்.

இங்கே வைத்தியர்களாகிய நாங்கள் அஞ்சுவது நைத்திரேற்றுக்கு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகவே காட்டி வருகின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். "கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்" என்று தாய்மார் சொல்வதுண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அது இன்னும் செறிவாகும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதுதான் இதற்குச் சிறந்த காப்பு. பால்மாப் பெட்டியும் இல்லை, அதைக் கழுவும் வேலையும் இல்லை, செலவும் இல்லை.

கிணற்றைக் காக்கப் பணம் தேவையில்லை. சில செலவுகளைத் தவிர்த்தாலே போதும். முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடுவதும் கல் பதிப்பதும் இன்று ஊரெங்கும் நாகரிகமாகிவிட்டது. அதற்குப் பெரும் பணம் செலவாகிறது. மழைநீரோ நிலத்தில் இறங்க வழியின்றித் தெருவுக்கு ஓடிக் கடலைச் சேர்கிறது. முற்றத்தை மண்ணாகவே விட்டால் இரண்டும் மிஞ்சும். 1000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 2300 லீற்றர். அந்தக் கூரைத் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல், மலசலகூடக் குழிக்கு எதிர்ப்பக்கமாக வளவுக்குள்ளேயே ஒரு பள்ளத்துக்குத் திருப்புவதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும். குளித்த நீரைக் கிணற்றடி வாழைக்கு விடும் வாய்க்காலை எங்கள் பேரன்மார் வெட்டி வைத்தார்கள். பல வீடுகளில் அது தூர்ந்து கிடக்கிறது. தூர்வாரினால் வாழைக்குலை வீட்டுக்கு.

அடுத்தது மின்சாரம். எமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 அலகு, 90 அலகு, 120 அலகு, 180 அலகு என்ற படிகளைத் தாண்டும்போது பாவித்த அலகு மட்டுமல்ல, கட்டண வீதமும் கூடும். ஆகவே படியின் விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்கு ஐந்து பத்து அலகு பெரிய விடயம். சிறு கணக்கொன்று பார்ப்போம். 60 வாற்றுப் பழைய மின்குமிழை நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரித்தால் மாதத்துக்கு 9 அலகு. அதேயளவு வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழுக்கு ஒன்றரை அலகுகூட வராது. பழையது பழுதாகி எப்படியும் மாற்றும்போது இதை வாங்கினால் மேலதிகச் செலவு என்று சொல்ல முடியாது. ஒரு குதிரைவலு நீரிறைக்கும் இயந்திரம் ஏறத்தாழ 750 வாற்று இழுக்கும். தாங்கி நிரம்பி வழிந்தபின்னும் நாளுக்கு அரை மணித்தியாலம் அதை ஓடவிட்டால் மாதத்துக்கு 11 அலகு வீண். பணமும் போகிறது, கிணறும் வற்றுகிறது, நுரைச்சோலையில் நிலக்கரியும் எரிகிறது. நேரம் பார்த்து நிறுத்துவதற்கு ஒரு சதமும் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சட்டையாக அழுத்துவதை விட்டு வாரத்துக்கொருமுறை சேர்த்து அழுத்துவதும், தேநீருக்கு வேண்டிய அளவு தண்ணீரை மட்டும் கொதிக்க வைப்பதும் இதே வகைதான்.

சமையலறையில் ஒரு எச்சரிக்கை உண்டு. எரிவாயுவின் விலைக்குப் பயந்து பல வீடுகள் மீண்டும் விறகுக்குத் திரும்பியிருக்கின்றன. விறகு மலிவு என்பது உண்மை. ஆனால் புகைபோக்கி இல்லாத, யன்னல் சாத்திய குசினியில் விறகு எரித்தால் அதன் விலையைச் சமைப்பவரின் சுவாசப்பையும் மடியிலிருக்கும் குழந்தையின் சுவாசப்பையும் கொடுக்கும். மலிவானது எல்லாம் சூழலுக்கு நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விறகுதான் வழியென்றால் நன்றாகக் காய்ந்த விறகை, காற்றோட்டமான இடத்தில், முடிந்தால் வெளியிற் போட்ட அடுப்பில் எரியுங்கள். எரிவாயுவே பாவிப்பவர்கள் கடலையையும் பயறையும் முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள். சட்டியை மூடிச் சமையுங்கள். கொதி வந்ததும் நெருப்பைக் குறையுங்கள். கொதித்த நீர் பெருநெருப்பில் கூடுதலாகச் சூடேறுவதில்லை, ஆவியாகத்தான் போகும்.

எமது வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி உக்கக்கூடியது. மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சாயம், முற்றத்துச் சருகு. வளவு மூலையில் ஒரு குழி வெட்டி, பச்சைக் கழிவு ஒரு படை, காய்ந்த சருகு ஒரு படை என்று மாறி மாறிப் போட்டு, மேலே கொஞ்சம் மண் தூவி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் சில மாதங்களில் நல்ல கூட்டெரு. அதில் முருங்கைக்கும் பொன்னாங்காணிக்கும் வல்லாரைக்கும் பசளை கிடைக்கும். மருந்தடித்த கீரையை விலைகொடுத்து வாங்கவும் தேவையில்லை. சிகிச்சைக்கு வரும் நீரிழிவு நோயாளருக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் உணவுப் பட்டியலில் பாதி இந்த மூலையிலேயே விளையும்.

உக்காதவற்றைத்தான் நாம் மாலை நேரத்தில் வேலியோரம் குவித்துக் கொளுத்துகிறோம். 2017ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாந் திகதியிலிருந்து பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. லன்ச் சீற்றுக்கும் மெல்லிய பொலித்தீன் பைகளுக்கும் அன்றுதான் தடை வந்தது. சட்டத்தை விடுங்கள். அந்தப் புகையிலே டயொக்சின் போன்ற நச்சுகள் உண்டு. ஈழை நோயுள்ள பிள்ளை அயல்வீட்டில் இருந்தால் அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு நித்திரை இல்லை. எரிக்காமல் வீசினால் மழைக்காலத்தில் தயிர்க் கோப்பையிலும் வெட்டிய போத்தலிலும் டெங்கு நுளம்பு பெருகும். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கினால் பாதிக்கப்பட்டார்கள். 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எரித்தாலும் ஆபத்து, எறிந்தாலும் ஆபத்து என்றால் மிஞ்சும் வழி வீட்டுக்குக் கொண்டுவராமல் விடுவதுதான்.

நாளுக்கு மூன்று சொப்பிங் பை வாங்கும் குடும்பம் ஆண்டுக்கு 1095 பை சேர்க்கிறது. சந்தைக்குப் போகும்போது ஒரு துணிப்பையோ பனையோலைக் கடகமோ உமலோ கையிலிருந்தால் இந்தத் தொகை பெரிதும் குறையும். துணிப்பையை வாங்க வேண்டாம்; பழைய சேலைத் துண்டில் தைக்கலாம். கடகம் வாங்க நேர்ந்தால் அந்தக் காசு ஓலை இழைக்கும் பெண்ணின் கைக்குப் போகும். பழையவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: அரச வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் பாணி மருந்து வாங்க வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுபோவார்கள். அதை எவரும் சூழற் பாதுகாப்பு என்று அழைக்கவில்லை. வீட்டில் போத்தல் இருந்தது, அவ்வளவுதான்.

மருந்து பற்றியும் ஒரு சொல். கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பதால் மாதாமாதம் வாங்கி அலுமாரியில் சேர்த்து, காலாவதியானதும் மலசலகூடத்திலோ கிணற்றடியிலோ கொட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. குறிப்பாக நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் மண்ணிலும் நீரிலும் கலந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். அடுத்தமுறை கிளினிக்குக்கு வரும்போது மிச்சத்தைக் கையோடு கொண்டுவந்து எண்ணிக் காட்டுங்கள். வேண்டியதை மட்டும் எழுதித் தருவோம். நீங்கள் ஒழுங்காக மருந்து எடுக்கிறீர்களா என்பதும் எங்களுக்குத் தெரிந்துவிடும்!

பெண்கள் மட்டும் கூடியிருக்கும் மண்டபம் என்பதால் இதையும் தயங்காமற் பேசலாம். ஒரு பெண்ணின் மாதவிடாய்க் காலம் 12 வயது முதல் 50 வயது வரை என்று கொண்டால் 38 ஆண்டுகள். மாதத்துக்கு 15 அணையாடை என்றால் வாழ்நாளில் ஏறத்தாழ 6800. அவற்றின் பெரும்பகுதி பிளாஸ்ரிக். விலையோ பல குடும்பங்களுக்கு எட்டாதது. இரண்டு பெண்பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் அம்மாமார் துணிதான் பாவித்தார்கள். துணி குற்றமல்ல. வெட்கத்தால் அதைக் கட்டிலுக்கடியிலும் இருட்டு மூலையிலும் ஈரத்தோடு மறைத்துக் காயவைத்ததுதான் தொற்றுக்கு வழிவகுத்தது. மென்மையான பருத்தித் துணியில் தைத்து, சவர்க்காரமிட்டு நன்கு அலசி, வெயிலில் காயவைத்தால் துணி பாதுகாப்பானது. வெயிலுக்குக் காசில்லை. கொடியிற் போடும் துணிவுதான் வேண்டும். அந்தத் துணிவைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் தாய்மாரும் ஆசிரியைகளும். அதேவேளை, தண்ணீர் வசதியும் தனியிடமும் இல்லாத பிள்ளையிடம் துணியைக் கட்டாயப்படுத்துவது கொடுமை. வசதி உள்ளவர்கள் மாறலாம். இல்லாதவர்களுக்கு அணையாடை கிடைக்க வழி செய்யவேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் உங்களிற் பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும்: இதையெல்லாம் செய்வது யார்? கடலை ஊறப்போடுவது, குழிக்குக் குப்பை கொண்டுபோவது, பை தைப்பது, துணி தோய்ப்பது எல்லாம் வழமைபோல அம்மாவின் தலையிலா? மிக முக்கியமான கேள்வி. செலவில்லை என்று நாம் சொல்லும்போது பணச்செலவு இல்லை என்பதே பொருள். உழைப்புச் செலவு உண்டு. அதைக் கணக்கிற் சேர்க்காமல் பெண்களிடம் தள்ளிவிட்டால் அது சிக்கனமல்ல, சுரண்டல். அலுவலகத்தில் எட்டு மணித்தியாலம் வேலைசெய்து வரும் பெண் லன்ச் சீற்றைத் தேடுவது சோம்பலால் அல்ல; கோப்பை கழுவ இன்னொரு கை இல்லாததால். ஆகவே முதலில் மாறவேண்டியது வேலைப் பங்கீடு. சந்தைப் பை அப்பாவின் பொறுப்பு, கூட்டெருக் குழி மகனின் பொறுப்பு, தாங்கியின் நேரம் மகளின் பொறுப்பு என்று வீட்டில் எழுதி ஒட்டுங்கள். அவரவர் சாப்பிட்ட கோப்பையை அவரவர் கழுவட்டும். அப்படிப் பிரிக்க முடியாத வீட்டில் இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் எடுத்துச் செய்யுங்கள். போதும்.

எல்லாவற்றுக்கும் வீடுதான் காரணம் என்று சொல்வதும் சரியல்ல. 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மண்ணுக்குள் போனபோதும், 2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கியபோதும் அந்த அழிவு எங்கள் துணிப்பைகளால் தடுக்கக்கூடியதாக இருக்கவில்லை. அதற்குச் சட்டமும் ஆட்சியும் வேண்டும். கேட்கவேண்டிய இடத்தில் கேட்கவும் வேண்டும். ஆனால் எங்கள் கிணறு அப்படியல்ல. அதைக் கெடுப்பதும் காப்பதும் பெரும்பாலும் நாமும் எங்கள் அயலவருமே. கையெட்டும் தூரத்தில் உள்ளதை முதலில் செய்வோம்.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, நூற்றாண்டு விழாவின் மிகுதி நிகழ்வுகளுக்கு பிளெக்ஸ் பதாகை அடிக்காதிருப்போம். வாழையிலையில் பந்தி வைப்போம். தண்ணீருக்குப் பானையும் செம்புமே போதும். இதில் மிஞ்சும் பணத்தைக் கொண்டு பாடசாலைக் கிணற்று நீரை ஆண்டுக்கொருமுறை பரிசோதித்து, முடிவை அறிவித்தற் பலகையில் எல்லோரும் பார்க்கப் போடுவோம். இரண்டாவது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அளவில்லாமற் போன சீருடைகளையும் சப்பாத்துகளையும் தவணை முடிவில் சேர்த்து, தேவைப்படுவோர் கூச்சமின்றி எடுத்துச் செல்ல ஓர் அறை ஒதுக்குவோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அதிலிருந்து எடுத்தால்தான் கூச்சம் போகும்; ஆகவே எங்கள் பிள்ளைகளிலிருந்தே தொடங்குவோம். மூன்றாவது, உயர்தர விஞ்ஞான மாணவிகள் மாதமொருமுறை கிணற்றின் நீர்மட்டத்தை நூலும் கல்லும் கட்டி அளந்து ஒரு கொப்பியில் பதியட்டும். பத்து ஆண்டுகள் தொடர்ந்தால் எந்தப் பல்கலைக்கழகமும் மதிக்கும் ஆவணம் அது.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கல்லூரியைத் தொடங்கியவர்கள் முதலில் வெட்டியவற்றில் ஒன்று கிணறு. இன்று முன்வரிசையில் இருக்கும் ஆறாந்தர மாணவிகளும் அதில்தான் தண்ணீர் அள்ளுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அள்ளக்கூடியதாக அதை விட்டுச் செல்வதற்கு எம்மிடம் பணம் கேட்கப்படவில்லை. கவனம் மட்டுமே கேட்கப்படுகிறது.